கூடுதல் கணிதத் தகுதிகளை விண்ணப்பத்தில் வைத்த விதம்: காட்பாடி மாணவி ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

2024 ஜூலையில் தொடங்கி 2025 செப்டம்பரில் முடிந்த ஒரு விண்ணப்பத்தைப் பற்றியது இந்தப் பதிவு. மாணவியும் பெற்றோரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அவர்கள் பெயரையும், விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். நான் வேலூரில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் +1, +2 மாணவர்களுக்குக் கணிதம் நடத்தும் முதுகலை ஆசிரியர். இந்த விண்ணப்பத்துக்குப் பரிந்துரை எழுதியதும் நான்தான்.

பின்னணி

மாணவியின் வீடு காட்பாடியில். அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். தாய்மாமா வேலூரில் நர்சிங் படித்து, பல வருடங்களாக இங்கிலாந்தில் வேலை பார்க்கிறார். வெளிநாட்டுப் படிப்பு என்ற எண்ணம் அவர் மூலமாகத்தான் வீட்டுக்குள் வந்தது. மாணவி ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் பள்ளியில் படித்தவர். மாநிலப் பாடத்திட்டம், ஆங்கில வழி.

எங்கள் பக்கத்தில் கணக்கு நன்றாக வரும் பிள்ளை என்றால் பொறியியல் கவுன்சலிங், ஜேஇஇ, விஐடி நுழைவுத் தேர்வு என்று வழி போட்டாயிற்று. கணிதத்தையே பாடமாக எடுத்துப் படிக்க ஆசைப்படுபவர்கள் மிகக் குறைவு. அவர்களிடம் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தைப் பற்றிச் சொல்வேன். இங்கிலாந்துக்கு இளநிலைக் கணிதம் படிக்க எங்கள் பள்ளியிலிருந்து அதற்கு முன் யாரும் விண்ணப்பித்தது இல்லை. எனக்கும் அது முதல் அனுபவம்.

இங்கிலாந்தில் இளநிலைப் படிப்புக்கான விண்ணப்பங்கள் யூகாஸ் என்ற மைய அமைப்பு வழியாகப் போகின்றன. ஒரே விண்ணப்பத்தில் 5 இடங்களைத் தெரிவு செய்யலாம். இதுவரை நம் கவுன்சலிங் மாதிரிதான். ஆனால் அங்கே மதிப்பெண் வந்த பிறகு தரவரிசைப் பட்டியல் போடுவதில்லை. பொதுத்தேர்வுக்கு முன்பே விண்ணப்பம் போய்விடுகிறது. ஏற்கெனவே முடித்த தேர்வுகள், ஆசிரியர் கணித்துத் தரும் மதிப்பெண், மாணவர் எழுதும் தன்விளக்கம், ஆசிரியரின் பரிந்துரை இவற்றைப் படித்துப் பார்த்து, 'இவ்வளவு மதிப்பெண் எடுத்தால் இடம் உண்டு' என்று நிபந்தனையோடு சொல்கிறார்கள்.

இங்கேதான் நம் பிள்ளைகளுக்குச் சிக்கல். 2024 மே மாதம் வந்த +2 முடிவில் கணிதத்தில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் மட்டும் 2,500-க்கும் மேல். தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கே அந்த 2,500 பேரில் யாருக்குக் கணிதம் உண்மையில் பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது. எங்கேயோ உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் கூடுதல் கணிதத் தகுதிகள் பக்கம் எல்லோரும் ஓடுகிறார்கள். இந்த மாணவியும் ஓடியிருந்தார்.

கோப்பில் இருந்தவை

2024 ஜூலையில் ஒரு சனிக்கிழமை மாணவியும் அம்மாவும் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு வந்தார்கள். உள்ளே 31 சான்றிதழ்கள். ஒவ்வொன்றும் உறையில் போட்டு, வருட வாரியாக அடுக்கியிருந்தது. அம்மா அடுக்கியது.

அபாகஸ் எட்டு நிலைகள். தனியார் அமைப்புகள் நடத்தும் 'சர்வதேச' ஒலிம்பியாடுகளில் வாங்கிய பதக்கச் சான்றுகள் ஒன்பது. இந்தி பிரசார சபாத் தேர்வுகள், தட்டச்சு இளநிலை. இவற்றுக்கு நடுவே, கவனமாகப் பார்க்காவிட்டால் தவறிப்போகும்படி, வேறு நான்கு தாள்கள் இருந்தன.

ஒன்று, இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியக் கணிதத் திறனறிப் போட்டியில் +1, +2 மாணவர்களுக்கான ராமானுஜன் பிரிவில் இரண்டாம் கட்டத்துக்குத் தேர்வான சான்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1965-லிருந்து இயங்கும் சங்கம் அது. இரண்டாவது, 2023 செப்டம்பரில் ஐஓக்யூஎம் என்ற ஒலிம்பியாட் தகுதித் தேர்வில் தேறி, அக்டோபரில் மண்டல ஒலிம்பியாட் எழுதியதற்கான ஆவணம். தேசிய நிலைக்கு அவர் போகவில்லை. மூன்றாவது, ஐஐடிக்கள் நடத்தும் என்பிடெல் இணையவழிப் படிப்பில் 8 வாரப் பாடம் ஒன்றை முடித்து, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுதி 78 எடுத்த சான்று.

நான்காவது தாள் கோப்பின் கடைசி உறையில் மடித்து வைத்திருந்தது. அமெரிக்காவின் காலேஜ் போர்டு, பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரி அளவுப் பாடத்தில் நடத்தும் ஏபி தேர்வுகளில் கால்குலஸ் பிசி, அதாவது நுண்கணிதம். 2024 மே மாதம் சென்னையில் எழுதியது. 1 முதல் 5 வரை மதிப்பெண். வந்தது 3.

"இதை மட்டும் காட்ட வேண்டாம்னு சென்னையில கன்சல்டன்ட் சொன்னாரு சார்" என்றார் அம்மா. மாணவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் 3 என்று கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார். அந்தத் தேர்வில் ஒரு பகுதிக்கு வரைபடக் கணிப்பான் கட்டாயம். கொள்குறி வினாக்கள் 45-இல் 15, விரிவாக எழுதும் ஆறு கணக்குகளில் இரண்டு அதை வைத்துத்தான் செய்ய வேண்டும். நம் கணிதப் பொதுத்தேர்வில் கணிப்பானுக்கே இடமில்லை. அவர் அந்தக் கருவியைக் கையில் தொட்டதே தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு. அடுத்தது முடிவிலாத் தொடர்கள். நம் +1 புத்தகத்தில் சில தொடர்களைப் பார்க்கிறோம், கூட்டுத்தொகை காண்கிறோம். ஆனால் ஒரு தொடர் ஒருங்குகிறதா, அதாவது கூட்டிக்கொண்டே போனால் ஓர் எண்ணை நெருங்கி நிற்கிறதா, இல்லையா என்று சோதிக்கும் முறைகள் +1-லும் இல்லை, +2-விலும் இல்லை. கால்குலஸ் பிசியில் அது முக்கியமான பகுதி.

"பதங்கள் பூச்சியத்துக்குப் போனா தொடர் ஒருங்கும்னு நினைச்சு எழுதிட்டேன் சார். அப்புறம்தான் 1 + 1/2 + 1/3 பார்த்தேன்."

அதைச் சொன்னபோது அவர் முகம் மாறியதைக் கவனித்தேன். ஒன்பது பதக்கச் சான்றுகளைப் பற்றிப் பேசும்போது அந்த முகத்தில் எதுவும் இல்லை. இந்தத் தப்பைப் பற்றிப் பேசும்போது, மேசையில் கிடந்த ஒரு நோட்டீசின் பின்பக்கத்தில் தானாகவே எழுதிக் காட்டினார்: 1/3 + 1/4 அரையைவிடப் பெரிது, அடுத்த நான்கு பதங்கள் சேர்ந்தாலும் அரையைவிடப் பெரிது, அதற்கடுத்த எட்டும் அப்படியே. அரைகளாகக் கூட்டிக்கொண்டே போனால் எல்லையே இல்லை. இந்த விண்ணப்பம் எதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது அந்த நிமிடத்தில்தான்.

முதல் வரைவு

ஆலோசகர் தயாரித்துக் கொடுத்த வரைவு ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது. அந்த ஆண்டு தன்விளக்கத்துக்கு 4,000 எழுத்துகள், 47 வரிகள் என்று வரம்பு. இடைவெளியும் எழுத்துக் கணக்கில் சேரும். எண்ணிப் பார்த்தால், வரைவின் பாதிக்கு மேல் போட்டிகளின் பெயரும் தரவரிசையும்தான். அபாகஸ்கூட இருந்தது. கணிதத்தில் எந்தக் கேள்வி அவரை உட்கார விடாமல் செய்தது என்று ஒரு வரி இல்லை.

தகுதிகள் பகுதியில் தனியார் ஒலிம்பியாடுகளைத் தேர்வுகள் போலவே நிரப்பியிருந்தார்கள். ஏபி தேர்வு அங்கே இல்லை. ஆனால், கணிதப் படிப்புச் சேர்க்கைக்காக அங்கே நடத்தும், மாணவி எழுதியே இராத ஸ்டெப் என்ற தேர்வு 'முடிவு வர வேண்டியது' என்ற குறிப்போடு இருந்தது. சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று சொன்னார்களாம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எது தகுதி, எது போட்டி என்று பிரிப்பதில் தொடங்கினோம். மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டோம். பாடத்திட்டம் வெளிப்படையாக இருக்கிறதா? கண்காணிப்போடு நடந்த தேர்வா? பல்கலைக்கழகம் நினைத்தால் நடத்திய அமைப்பிடமே முடிவைச் சரிபார்க்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால்கூட, அது பள்ளி இறுதி அளவில் அங்கீகாரம் பெற்ற தேர்வாக இருந்தால்தான் தகுதிகள் பகுதிக்குப் போகும் என்று முடிவு செய்தோம். அப்படிப் போனவை பத்தாம் வகுப்பு, +1 பொதுத்தேர்வு, எழுதப்போகும் +2, ஏபி கால்குலஸ், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு. அவ்வளவுதான்.

மண்டல ஒலிம்பியாடும் ராமானுஜன் பிரிவும் போட்டிகள். அவற்றின் மதிப்பு பெரிது. ஆனால் அவற்றுக்கான இடம் தன்விளக்கமும் பரிந்துரையும்தான். என்பிடெல் நடுவில் நின்றது. நேரில் எழுதும் தேர்வு உண்டு, சான்றும் சரிபார்க்கக் கூடியது. ஆனாலும் 8 வாரப் பாடத்தைப் பொதுத்தேர்வுக்குப் பக்கத்தில் நிறுத்துவது சரியாகப்படவில்லை. தன்விளக்கத்தில் ஒரு வரியாக வைத்தோம். தட்டச்சையும் இந்தியையும் விட்டுவிட்டோம்.

அபாகஸையும் பதக்கங்களையும் எடுத்தபோது அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு தேர்வுக்கும் கட்டணம் கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரிக்கு அழைத்துப்போய், வெளியே வெயிலில் காத்திருந்தவர் அவர். "இதுக்கெல்லாம் மதிப்பே இல்லையா சார்?" என்று கேட்டார். பிள்ளைக்குக் கணக்கு மேல் பயம் இல்லாமல் வளர்ந்ததில் அவற்றுக்குப் பங்கு உண்டு, விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு அவை எதையும் சொல்லாது, அவ்வளவுதான் என்றேன். அந்த உரையாடலுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவசரப்படுத்தாமல் பேசியது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்தது அந்த 3. காலேஜ் போர்டு மதிப்பெண்ணை மாணவர் கேட்டால்தான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். ஆகவே மறைக்க வழி இருந்தது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் ஏபியைக் கணக்கில் எடுத்தால் பெரும்பாலும் 5 அல்லது 4 எதிர்பார்க்கின்றன என்பதும் தெரியும். ஆலோசகர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். ஆனால் யூகாஸ் விண்ணப்பம் முடித்த தேர்வுகளை எல்லாம், முடிவு எப்படி இருந்தாலும், குறிப்பிடச் சொல்கிறது. தகவல் முழுமையானது, உண்மையானது என்று மாணவர் உறுதி கூறித்தான் அனுப்புகிறார். 17 வயதுப் பிள்ளையை முதல் பெரிய உறுதிமொழியிலேயே பொய் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் கணக்கு எழுதுபவர். "ஒரு என்ட்ரிய மறைச்சா அடுத்த பக்கம் இடிக்கும் சார், போடுங்க" என்றார்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த 3 இல்லாமல் தொடர்களைப் பற்றிய கதையைச் சொல்ல முடியாது. பிசி தேர்வு எழுதுபவர்களுக்கு, அதற்குள் அடங்கும் கால்குலஸ் AB என்ற அடிப்படைப் பகுதிக்கென்று ஒரு துணை மதிப்பெண் தருவார்கள். அவருக்கு அது 4. நம் புத்தகம் தொடும் பகுதிகளில் அவர் நன்றாகச் செய்திருந்தார், தொடாத பகுதிகளில் விழுந்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

ஸ்டெப் பதிவை நீக்கினோம். அது ஜூன் மாதம் நடக்கும் தேர்வு. தாள் 2, தாள் 3 என்று இரண்டு. ஒவ்வொன்றும் 3 மணி நேரம், 12 கணக்குகள், சிறந்த ஆறுக்குத்தான் மதிப்பெண். எழுதப்போவதாகக் குறிப்பிட்டால், அதிலேயே ஒரு தரத்தை நிபந்தனையாக வைத்து இடம் தர வாய்ப்பு உண்டு. கேம்பிரிட்ஜ் கணிதப் படிப்புக்கு அதுதான் நடைமுறை. எழுதத் தயாராகாத ஒன்றை எழுதப்போவதாகச் சொல்வது நமக்கு நாமே குழி வெட்டுவது. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு இரண்டுக்கும் அக்டோபர் 15-க்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். எங்களால் அது முடியாது என்று ஆகஸ்டிலேயே தெரிந்துவிட்டதால் அவற்றை விட்டுவிட்டோம்.

புதிதாக ஒன்றே ஒன்று சேர்ந்தது, டிஎம்யுஏ. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான கணிதத் தேர்வு. இம்பீரியல், வாரிக், டர்ஹம் போன்றவை கணிதப் படிப்புக்கு இதைக் கணக்கில் எடுக்கின்றன. 75 நிமிடத் தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 20 கொள்குறி வினாக்கள், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, முடிவு 1.0 முதல் 9.0 வரை. ஒரு சேர்க்கை ஆண்டில் ஒரு முறைதான் எழுதலாம். முக்கியமாக, கணிப்பானுக்கு அனுமதி இல்லை. ஏபியில் எந்தக் கருவி இல்லாமல் விழுந்தாரோ, இங்கே அது யாரிடமும் இருக்காது. வருடக்கணக்காகக் கையால் போட்டுப் பழகிய நம் பிள்ளைக்கு இது பொருத்தமான களம் என்று தோன்றியது.

தேர்வுக்குத் தயாரானது

செப்டம்பரில் பதிவு, அக்டோபரில் சென்னையில் தேர்வு. நடுவில் காலாண்டுத் தேர்வும் வந்தது. சனி, ஞாயிறுகளில் பள்ளி ஆய்வகத்தில் உட்கார்ந்தோம்.

முதல் தாள் அவருக்குச் சிரமமாக இல்லை. இரண்டாம் தாள்தான் ஆச்சரியம். அது கணித வாதங்களைச் சோதிக்கும் தாள். ஒரு நிரூபணத்தைக் கொடுத்து எந்த வரியில் தப்பு என்று கேட்கும். இது தேவையான நிபந்தனையா, போதுமான நிபந்தனையா என்று கேட்கும். முதல் வாரம் அவர் பாதிக்கு மேல் தப்பாகச் செய்தார். அப்போது +2 புத்தகத்தின் 12-ஆம் பாடத்தைத் திறக்கச் சொன்னேன். தனிநிலைக் கணிதம். மெய்ம்மை அட்டவணை, நிபந்தனைக் கூற்று, அதன் மறுதலை, நேர்மாறு எல்லாம் அதில் இருக்கின்றன. பொதுவாக அந்தப் பாடத்தை மார்ச்சுக்கு முன் அவசர அவசரமாக முடித்துவிடுவோம். நானும் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன்.

அட்டவணையை வைத்துக்கொண்டு அவரே ஏபி தப்புக்குத் திரும்பிப் போனார். "தொடர் ஒருங்கினால், பதங்கள் பூச்சியத்தை நெருங்கும். இது உண்மை. நான் அதோட மறுதலையை உண்மைன்னு எடுத்துக்கிட்டேன் சார். பூச்சியத்தை நெருங்குறது தேவையானது, போதுமானது இல்ல." தன்விளக்கத்தின் நடுப்பகுதி இந்த வாக்கியங்களிலிருந்துதான் வளர்ந்தது. 3 வாங்கினேன், காரணம் இது, பிறகு இதைப் புரிந்துகொண்டேன், அந்தப் புரிதல் வேறு எங்கெல்லாம் உதவியது என்று எழுதினார். மண்டல ஒலிம்பியாடுக்கு அதில் மூன்று வரி, என்பிடெலுக்கு ஒன்று.

விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து அப்பாவும் மகளும் சென்னை போய் எழுதிவிட்டு வந்தார்கள். நவம்பரில் முடிவு: 5.4. மிக உயர்ந்த மதிப்பெண் இல்லை. ஆனால் பாடசாலைக்கு வெளியே எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லாமல் வந்தது.

பரிந்துரை

எங்கள் பள்ளி யூகாஸில் பதிவான மையம் கிடையாது. மாணவி தனிநபராக விண்ணப்பித்தார். என் மின்னஞ்சலை அவர் கொடுத்தவுடன் யூகாஸிலிருந்து எனக்கு இணைப்பு வந்தது. பரிந்துரை மூன்று பகுதிகளாக இருந்தது: பள்ளியைப் பற்றிப் பொதுவாக, மாணவரின் படிப்பைப் பாதித்த சூழ்நிலைகள் ஏதேனும் இருந்தால் அவை, மாணவரைப் பற்றிக் குறிப்பாக.

முதல் பகுதியில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். இங்கிலாந்தில் கணிதம் படிக்க வருபவர்களில் பலர் அங்கே பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் கணிதத்தோடு மேற்கணிதம் என்ற தனிப் பாடத்தையும் எடுத்திருப்பார்கள். நம் பிள்ளையிடம் அந்தப் பெயரில் ஒரு தகுதி இல்லை. ஆனால் கலப்பு எண்கள், டி மாய்வரின் தேற்றம், அணிகள், கூம்பு வளைவுகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் நம் +2 புத்தகத்தின் 12 பாடங்களுக்குள்ளேயே இருக்கின்றன. +1-இல் கணிதத் தொகுத்தறிதல் இருக்கிறது. 12-ஆம் பாடத்தில் ஈருறுப்புச் செயலிகளும் மட்டு எண்கணிதமும்கூட உண்டு. மேற்கணிதம் படித்த பிள்ளை எதையெல்லாம் தெரிந்துகொண்டு வருமோ, அதில் ஒரு பெரிய பங்கு இவரிடம் வேறு பெயரில் இருக்கிறது. இதை யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? தலைப்புகளைப் பட்டியலிட்டேன். எது இல்லை என்பதையும் எழுதினேன்: தொடர்களின் ஒருங்கல் சோதனைகள், துருவ ஆயங்களில் பரப்பு. இல்லாததையும் சொன்னால்தான் இருப்பதாகச் சொல்வதை நம்புவார்கள்.

கணிப்பு மதிப்பெண்ணில் அப்பா தயங்கித் தயங்கி, "நூறுன்னு போடலாமா சார்?" என்று கேட்டார். +1-இல் 96, காலாண்டில் 95. நான் 97 என்று போட்டேன். காரணத்தையும் அவரிடம் சொன்னேன்.

விண்ணப்பம் டிசம்பர் மூன்றாம் வாரம் போனது. கடைசி நாள் 2025 ஜனவரி 29, நம் நேரத்துக்கு இரவு 11:30. அந்த நெரிசலுக்குக் காத்திருக்கவில்லை.

பின் நடந்தவை

பிப்ரவரியில் ஓர் இடம் மறுத்தது. மாநில வாரியத்தை அந்தப் படிப்புக்கு ஏற்பதில்லை என்று ஒரு வரி விளக்கம். இதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும், ஐந்தில் ஒரு தெரிவை வீணாக்கிவிட்டோம். டிஎம்யுஏ கேட்கும் இரண்டு இடங்களில் ஒன்று மறுத்தது, மற்றொன்று நிபந்தனையோடு இடம் தந்தது: மொத்தத்தில் 90 சதவீதம், கணிதத்தில் 95. நான்காவது இடமும் ஏறக்குறைய அதே நிபந்தனையோடு வந்தது. ஐந்தாவது ஏப்ரலில் மறுத்தது.

இடம் தந்த ஒன்றிலிருந்து, முடிவு சொல்வதற்கு முன் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் எழுதிய பாடத் தலைப்புகள் +2-க்கு உரியவையா, +1-க்கு உரியவையா, எல்லாவற்றிலும் பொதுத்தேர்வு உண்டா என்று கேட்டிருந்தார்கள். புத்தகத்தின் பொருளடக்கப் பக்கங்களை அனுப்பினேன். ஏபி மதிப்பெண் 3 பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மே 8-ஆம் தேதி +2 முடிவு வந்தது. கணிதத்தில் 99, மொத்தம் 600-க்கு 561. 93.5 சதவீதம். நிபந்தனை நிறைவேறியது.

சரி, முடிந்தது என்று நினைத்தோம். உண்மையான தலைவலி அதன் பிறகு வந்தது, பெயரில். பத்தாம் வகுப்பு, +1, +2 மதிப்பெண் பட்டியல்களில் முன்னால் தலைப்பெழுத்து, பிறகு பெயர். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கிறது. ஏபிக்கும் டிஎம்யுஏவுக்கும் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலப் பதிவு செய்திருந்தார்கள். விசாவுக்கான ஏற்புச் சான்றைத் தயாரிக்கும்போது பல்கலைக்கழகம், 'இந்த மதிப்பெண் பட்டியலில் இருப்பவரும் இந்த ஏபி முடிவில் இருப்பவரும் ஒருவர்தானா?' என்று கேட்டது. கூடவே, ஏபி முடிவைக் காலேஜ் போர்டே நேரடியாக அனுப்ப வேண்டும் என்றது. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குப் பக்கத்தில் நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம், பள்ளித் தலைமை ஆசிரியரின் கடிதம், தென்னிந்தியாவில் தலைப்பெழுத்து என்றால் என்ன என்று விளக்கி நான் எழுதிய அரைப் பக்கம், எல்லாம் சேர்த்து அனுப்பி முடிக்க 19 நாள் ஆயிற்று. வங்கிக் கடனும் அதுவரை நின்றது. அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

செப்டம்பர் மூன்றாம் வாரம் மாணவி கிளம்பினார். முதல் பருவத்தில் பகுப்பியல் பாடம். தொடர்களின் ஒருங்கல்தான் முதல் சில வாரங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தார்.

மீண்டும் செய்தால்

ஏபி தேர்வை +1 முடிவில் எழுதச் சொல்ல மாட்டேன். எழுதத்தான் வேண்டும் என்றால், பதிவு செய்யும் நவம்பரிலேயே வரைபடக் கணிப்பான் கையில் இருக்க வேண்டும், தொடர்களைத் தனியாக நடத்த ஓர் ஆள் வேண்டும். செலவைப் பார்த்தால் நம் பாடத்திட்டப் பிள்ளைக்கு டிஎம்யுஏ ஒன்றே போதும் என்பது என் கருத்து. அதற்கும் ஜூனிலேயே தொடங்கியிருக்க வேண்டும். செப்டம்பரில் 12-ஆம் பாடத்தைத் திறந்தது தாமதம்.

ஐந்து தெரிவுகளுக்கும் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, தமிழ்நாடு மாநில வாரியத்தை இந்தப் படிப்புக்கு ஏற்கிறீர்களா என்று எழுத்தில் பதில் வாங்குவேன்.

இரண்டு விஷயங்கள் இப்போது மாறியிருக்கின்றன. 2026 சேர்க்கையிலிருந்து தன்விளக்கம் மூன்று கேள்விகளாகப் பிரிந்துவிட்டது: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார் செய்தது, பாடத்துக்கு வெளியே என்ன செய்தீர்கள். மொத்தம் அதே 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. இந்த மாணவியின் ஏபி, டிஎம்யுஏ கதை இரண்டாவது கேள்விக்கும், ஒலிம்பியாடும் ராமானுஜன் பிரிவும் மூன்றாவதுக்கும் போயிருக்கும். அடுத்தது, +1 பொதுத்தேர்வைத் தமிழ்நாடு அரசு 2025-26 கல்வியாண்டிலிருந்து நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்கு அது நிம்மதிதான். ஆனால் விண்ணப்பிக்கும் நேரத்தில் பத்தாம் வகுப்பு தவிர வேறு பொதுத்தேர்வு மதிப்பெண் கையில் இருக்காது. ஆசிரியரின் கணிப்புக்கும் வெளித்தேர்வுக்கும் கனம் கூடும். அதனால் பள்ளியின் உள்தேர்வுத் தாள்களை இப்போதிருந்தே திருத்தத்தோடு பாதுகாத்து வைக்கத் தொடங்கியிருக்கிறோம்.

பெயர் விஷயத்தில் இந்த ஆண்டே நடவடிக்கை எடுத்தாயிற்று. +1 சேர்ந்த முதல் வாரத்தில், பாஸ்போர்ட் இருக்கிறவர்களின் பெயரையும் மதிப்பெண் பட்டியல் பெயரையும் ஒரே பதிவேட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாங்கினேன். 46 பேரில் 11 பேரிடம் பாஸ்போர்ட் இருந்தது. இரண்டு பெயரும் ஒன்றாக இருந்தது மூன்று பேருக்கு.